அறுபத்திரண்டு வீட்டுக்கு எந்த லைன்?

சத்தியமங்கலத்திலிருந்து கே.என்.பாளையம் வழியாகக் கடம்பூர் மலை ஏறி, அங்கிருந்து காட்டுப் பாதையில் இன்னும் உள்ளே போனால் ஒரு சிற்றூர். அறுபத்திரண்டு வீடுகள், ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு ரேஷன் கடை, ஒரு மாரியம்மன் கோயில். ஊருக்கு மேற்கே இருக்கும் பாறைக்கு ‘டவர் பாறை’ என்று பெயர். அதன் உச்சியில் நின்றால் கைபேசியில் இரண்டு கோடு தெரியும். நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களைப் படம்பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். அன்று தொடங்கி, பணித்தளப் பொறுப்பாளரான அந்தப் பெண் நாள்தோறும் அந்தப் பாறையில் ஏறி இறங்குகிறார்.

நான் அடிவாரத்தில் கேபிள் டிவி நடத்தி, இப்போது ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) வழியாக இணைய இணைப்பு கொடுத்துப் பிழைக்கிறவன். போன வைகாசியில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். “ஏனுங்க தம்பி, எங்கள் ஊருக்கு லைன் இழுக்க எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். ஒரு தொகை சொன்னேன். அந்தப் பணத்துக்கு ஊரில் இருக்கிற மாட்டில் பாதியை வாங்கிவிடலாமே என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது அரைக் கணக்கு. லைன் இழுக்க ஆகும் செலவைச் சொன்னேன். இழுத்த லைனை உயிரோடு வைத்திருக்க ஆகும் செலவைச் சொல்லவில்லை. மலைக்கு எந்த வழி சரி என்பதை இந்த இரண்டாவது செலவுதான் தீர்மானிக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊர் முடிவெடுக்கப் போகிறது. அதற்கு முன் முழுக் கணக்கையும் எழுதி வைக்கிறேன்.

முதலில், மலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆகிறது? கோவையில் அறுபது வீடுள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இருநூறு மீட்டர் கேபிள் போதும். அதே அறுபது வீடு இந்த மலையில் இருந்தால், பஞ்சாயத்துக் கட்டடத்திலிருந்து பாதையோடு பதினொரு கிலோமீட்டர் இழுக்க வேண்டும். மாதக் கட்டணமோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால், மலையில் எல்லா வீடும் வாங்காது. முப்பது வீடு வாங்கினால் பெரிது. வீட்டுக்கு 400 ரூபாய் வைத்தால் மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000. எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் இந்த ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரத்துக்குள்தான் பிழைப்பு நடக்க வேண்டும். ஒரு லைன்மேனின் வருடச் சம்பளம்கூட இதில் தேறாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011-இல் தேசிய ஃபைபர் வலையமைப்பு என்று தொடங்கி, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம், நாட்டிலுள்ள ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவதற்கானது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இதைச் செய்கிற பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துடையது. மதிப்பீடு ஏறத்தாழ 1,815 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஊராட்சிக்குப் பதினாலரை லட்சம். பல்லடம் பக்கமும் காங்கயம் பக்கமும் இருக்கிற சமவெளி ஊராட்சிகள்தான் இந்தச் சராசரியைக் கீழே இறக்குகின்றன. மலை ஊராட்சியின் செலவு அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்கிறது.

இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஊராட்சிக்கு ஃபைபர் வந்தது என்றால் ஊருக்கு வந்தது என்று ஆகாது. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பர்கூரில் ஒரு கட்டடத்துக்குள் ஃபைபர் கருவிகளை அடுக்கும் ரேக்கும் யுபிஎஸ்ஸும் வைத்துவிட்டால், கொங்காடையில் மாடு மேய்க்கிறவனுக்கு அதனால் என்ன? கடம்பூர் மலையிலும் இதே கதைதான். ஆகவே நம் கேள்வி, அந்தக் கட்டடத்திலிருந்து ஊருக்கு எப்படிப் போவது என்பதுதான்.

ஃபைபரிலிருந்து தொடங்குகிறேன். என் தொழில் என்பதால் அதன்மேல் எனக்குப் பாசம் உண்டு. அதனாலேயே அதன் குறையும் தெரியும்.

மண்ணுக்கடியில் புதைப்பதானால் பாறையை வெட்ட வேண்டும். மீட்டருக்கு 600 ரூபாய் என்று வைத்தாலே பதினொரு கிலோமீட்டருக்கு 66 லட்சம். முப்பது வீட்டை நம்பி இதை எவனும் போட மாட்டான். மின்கம்பத்தில் தொங்கவிட்டால் கேபிள், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 60 ரூபாய் என்று என் கணக்கு, 6,60,000 ரூபாய். பெரியவரிடம் நான் சொன்ன தொகை இதுதான். தமிழ்நாட்டு ஃபைபர்நெட்டும் பெரும்பகுதிக் கேபிளை மின்கம்பங்களின் மேல்தான் கொண்டுபோகிறது. வேறு வழியும் இல்லை.

ஃபைபருக்கு மலையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வீடுகளுக்குக் கொடுக்கிற முறையில் இருபது கிலோமீட்டர் வரை நடுவில் எங்கும் மின்சாரம் தேவையில்லை. இந்தக் கோடியில் ஒரு பெட்டி, அந்தக் கோடியில் ஒரு பெட்டி, இடையில் வெறும் கண்ணாடி இழை. வழியில் சிக்னல் தேய்மானமும் மிகக் குறைவு. காட்டுக்குள் மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் இழைக்கு ஒன்றும் ஆகாது. (அந்தப் பக்கத்துப் பெட்டி இருக்கிற அலுவலகம் பூட்டிக் கிடந்து, சாவி வைத்திருப்பவர் கோபியில் கல்யாணத்துக்குப் போயிருந்தால் அது வேறு விஷயம். எனக்கு வந்த புகார்களில் இந்த வகைக்கும் ஒரு பங்கு உண்டு.)

அறுந்தால்தான் தலைவலி. மின்கம்பங்கள் பாதையோடு வருவதில்லை. குறுக்குவழியில் காட்டுக்குள் இறங்கி ஏறுகின்றன. இரண்டு வருடம் முன்பு, இதே மலையில் வேறோர் ஊருக்கு இழுத்த லைன் ஆடி மாதத்துச் சாயங்காலம் ஐந்து மணிக்கு விழுந்தது. எல்லா வீட்டுப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு. கருவியை மாட்டிப் பார்த்தால் 6.3 கிலோமீட்டரில் வெட்டு. இருட்டுகிற நேரம், இது புலிகள் காப்பகம், போக முடியாது. மறுநாள் காலை ஜீப் பிடித்து, கடைசி ஒன்றரை கிலோமீட்டரை நடந்து போனோம். யானை மூங்கில் குத்தை வளைத்துத் தின்றிருக்கிறது. குத்தோடு கேபிளும் வந்துவிட்டது. கம்பம் சாய்ந்து, சாணம் இன்னும் ஈரமாகக் கிடந்தது. பையன் ஒருவனை மரத்தின் மேல் காவலுக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தோம். மேல் தோலை உரித்து நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வோர் இழையாகப் பிரித்து, துடைத்து, வெட்டி, இழைகளை ஒட்டுகிற ஸ்பிளைசிங் மெஷினில் வைக்க வேண்டும். தலைமுடி கனத்தில் இருக்கிற இழை. காற்று அடித்தால் மெஷின் ‘பிழை’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் வேட்டியை அவிழ்த்து இரண்டு குச்சியில் கட்டி மறைப்பு வைத்தேன். இருபத்து நாலு இழையில் பன்னிரண்டை மட்டும் ஒட்டிவிட்டு, மழை வருவதற்குள் இறங்கினோம்.

அந்த நாளுக்கு ஜீப் வாடகை, இரண்டு ஆள் கூலி, ஜாயின்ட் பாக்ஸ் எல்லாம் சேர்த்து நாலாயிரம். வருடத்துக்குப் பதினைந்து முறை இப்படி ஆகும் என்று வையுங்கள். மழைக்கு மரம் விழும், மாசி பங்குனியில் காட்டுத்தீ கேபிளை உருக்கும், மற்ற நாளில் அணில் கடிக்கும். 60,000 ரூபாய். வருமானத்தில் பாதியை மேலே இருந்து இணைப்பு தருகிற நிறுவனம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் பன்னிரண்டாயிரம். இதில் 6,60,000 முதலை எந்தக் காலத்தில் எடுப்பது? ஃபைபர் இல்லாமல் மலைக்கு எதிர்காலம் இல்லை என்று நம்புகிறவன்தான் நான். ஆனாலும் இந்த ஊருக்கு இன்று அது வேண்டாம் என்பேன்.

ஊரில் யாரைக் கேட்டாலும் “டவர் வந்தால் போதும்” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. பெட்டி, வயர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பிரசவ வலி எடுத்தால் 108-ஐக் கூப்பிட முடியும். பேசும் வசதி முதலில் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் டவர் என்பது ஊர் எடுக்கிற முடிவு இல்லை. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, கைபேசிச் சேவையே இல்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2ஜி, 3ஜி மட்டும் இருந்த ஆறாயிரத்துச் சொச்சம் ஊர்களும் அதில் சேர்த்தி. ஐந்து வருட நடத்துச் செலவும் சேர்ந்த தொகை. எப்படி வகுத்தாலும் ஊர் ஒன்றுக்கு ஒரு கோடியை ஒட்டி வருகிறது. தொலைபேசி நிறுவனங்களின் வருவாயிலிருந்து நூற்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்து வைக்கிற நிதியிலிருந்து இது வருகிறது. இன்று அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். பட்டியலில் ஊர்ப் பெயர் இருந்தால் வரும், இல்லையென்றால் மனு எழுதிக்கொண்டிருக்கலாம். வந்தாலும், அந்த டவருக்குப் பின்னால் ஃபைபர் இருக்கிறதா, செயற்கைக்கோள் இணைப்பா என்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் என்றால் பேச்சு நன்றாக வரும். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் வீடியோ திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். டவருக்கு மனு கொடுக்கட்டும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து வானம். என் அளவுகோல்படி செயற்கைக்கோள்தான் முதலிடத்துக்கு வர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினொரு கிலோமீட்டர் காட்டைக் காவல் காக்க வேண்டாம், யானை வேண்டாம், வேட்டியை அவிழ்க்க வேண்டாம். கூரையில் ஒரு டிஷ், அவ்வளவுதான். பிறகு ஏன் தயங்குகிறேன்?

பழைய வகை செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாம் கேட்பது ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க ஏறத்தாழ அரை வினாடி, ஒளியின் வேகத்திலேயே. பாடம் பார்க்கலாம், ஆசிரியரோடு பேசினால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவார்கள். புதிய வகை அதைவிட மிகத் தாழ்வாகக் கூட்டமாகப் பறக்கிறது. அதில் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. இந்த வகைச் சேவையான ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் நம் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. ஒன்வெப்பும் ஜியோவும் அதற்கு முன்பே உரிமம் வாங்கியவை.

புதிய வகை டிஷ்ஷுக்குப் பசி அதிகம். வழக்கமான அளவுள்ளது 75 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இருபத்து நாலு மணி நேரத்துக்கு 1.8 யூனிட். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலும் அதில் இருப்பது அதே 1.8 யூனிட்தான். மலையில் ஒரு நாள் கரண்ட் போனால் பேட்டரி சுத்தமாகக் காலி. இதோடு திறந்த வானமும் வேண்டும். கோயில் ஆலமரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மரம் இல்லாத களத்துமேட்டில் வைத்தால் அங்கே கரண்ட் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் மாதக் கட்டணம். அது தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. பள்ளிக்கோ துணைச் சுகாதார நிலையத்துக்கோ அரசு கட்டினால் உண்டு. ஒரு வருடம் கட்டுவார்கள். மேற்கு மலையில் ஒரு பள்ளியில் பழைய செயற்கைக்கோள் டிஷ் ஒன்று பார்த்திருக்கிறேன். சந்தா முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. அதன் கம்பத்தில் இப்போது பள்ளிக்கூட மணி தொங்குகிறது. மணி நன்றாகவே வேலை செய்கிறது.

மிச்சம் இருப்பது ரேடியோ, அதாவது வயர் இல்லாமல் அலை வழியாக இணைப்பை அனுப்புவது. பாதையோடு பதினொரு கிலோமீட்டர் என்றேன் அல்லவா? பஞ்சாயத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றால் பள்ளத்துக்கு எதிரே அந்த ஊரின் கோயில் கோபுரம் தெரியும். நேர்கோட்டில் நாலு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ஒரு தட்டு ஆன்டெனாவை எதிரெதிரே திருப்பி வைத்தால் நூறு எம்பிபிஎஸ் வேகம் தாராளமாகப் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2018 அக்டோபரில் அரசு விரிவாகத் திறந்துவிட்டது. அதற்குத் தனி அலைக்கற்றை உரிமம் வேண்டாம். மழையும் இந்த அலைவரிசையைப் பெரிதாகப் பாதிக்காது. ரேடியோ ஒன்றுக்கு மின்சாரம் பத்து வாட்டுக்குள். ஒரு சோலார் தகடும் ஒரு பேட்டரியும் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இதிலும் நான் பட்டிருக்கிறேன். ஒரு தோட்டத்துச் சாளைக்கு இப்படி ஒரு ரேடியோ பங்குனியில் போட்டேன். மைனஸ் 58 என்று காட்டியது, அருமையான சிக்னல். தோட்டத்துக்காரர் கிடா வெட்டாத குறை. ஆவணியில் கூப்பிட்டார்: “தம்பி, லைன் இழுத்துக்கொண்டு போகிறது.” போய்ப் பார்த்தால் மைனஸ் 74, சிக்னல் பலவீனம். ஆன்டெனா அசையவில்லை, வயர் நன்றாக இருக்கிறது. அரை நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் பள்ளத்தைப் பார்த்தேன். பங்குனியில் இலை உதிர்த்து நின்ற மூங்கில், மழைக்குத் தழைத்து, ஈர இலையோடு அலையின் நடுவில் தலையாட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரிந்தால் மட்டும் போதாது. நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில், நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ ஏழு மீட்டர் ஆரத்துக்கு அலை பரவிப் போகிறது. அதில் பாதிக்கு மேலாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். காப்பகத்து மூங்கிலில் கத்தி வைக்க முடியாது. வைக்கவும் கூடாது, அது யானையின் சோறு. ஆறு மீட்டர் குழாயைப் பன்னிரண்டாக உயர்த்தினேன். சரியாயிற்று.

சித்திரை இடிக்கு ஒரு ரேடியோ கருகியும் போயிருக்கிறது. ஆனால் அது கருகினால் குழாயிலிருந்து கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். எட்டாயிரம் ரூபாய், ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடலாம். மாட்டுவதற்கு நான் மலையேறி வரத் தேவையில்லை. ஐடிஐ படித்த பையன் ஒருவன் ஊரில் இருக்கிறான். இரண்டு நாள் கற்றுக்கொடுத்தால் செய்துவிடுவான். பழுது ஊருக்குள்ளேயே, கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டிலும் போய்ப் பார்க்கலாம். என் கணக்கில் ரேடியோ ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

மூன்று ரேடியோ, இரண்டு பக்கமும் இழுகம்பியோடு குழாய், சோலார், பேட்டரி, ஊருக்குள் வீடுகளுக்குக் கொடுக்க அறுநூறு மீட்டர் ஃபைபர்: எல்லாம் இரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம். மின்கம்பத்து ஃபைபர் என்றால் இதுவே பத்தாயிரத்துக்கு மேல். இணைப்பு வாங்க முடியாத வீடுகளுக்கு, ரேஷன் கடையை ஒட்டிய டீக்கடையில் பிஎம்-வாணி என்கிற பொது வைஃபை போடலாம். 2020 டிசம்பரில் வந்த அந்தத் திட்டத்தில் டீக்கடைக்காரருக்கு உரிமம் தேவையில்லை. வீட்டு ஃபைபர் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அவரிடம் வாங்கக்கூடாது என்று 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவே போட்டிருக்கிறது. பத்து ரூபாய்க்குச் சீட்டு வாங்கிக்கொண்டு பணித்தளப் பொறுப்பாளர் டீக்கடைத் திண்ணையிலிருந்தே படத்தை ஏற்றலாம்.

ஆகவே தீர்மானத்தில் எழுத வேண்டியது இரண்டு. ஒன்று, ரேடியோவுக்கு இரண்டு லட்சம். அதோடு வருடப் பராமரிப்புக்கு 36,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு. இரண்டு லட்சம் கேட்டால் கிடைத்துவிடும்; திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. வருடா வருடம் 36,000 கேட்டுப் பாருங்கள், அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால் யாருக்கும் ஆர்வம் இருக்காது. அதைத்தான் விடாமல் கேட்க வேண்டும்.

இரண்டாவது, இப்போது போடாவிட்டாலும் ஃபைபருக்கான வழியைத் திறந்து வைப்பது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, ரேஷன் கடை, சாலை வரிசையில் மின்சார, தொலைத்தொடர்பு லைன்களையும் சேர்த்திருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு வன நிலத்தில் அனுமதிக்கலாம். பாதையோரமாக அரை மீட்டர் அகலத்தில் பதினொரு கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினால் 0.55 ஹெக்டேர்தான், அளவுக்குள் அடங்குகிறது. காப்பகம் என்பதால் வனவிலங்குச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், நாளாகும். அதனால்தான் இப்போதே பரிந்துரையை எழுதி வைக்கச் சொல்கிறேன். என்றைக்காவது அந்தப் பாதைக்குத் தார் போட வரும்போது கூடவே குழாயையும் புதைத்துவிட்டால், தோண்டும் கூலி மிச்சம்.

போன வாரம் பெரியவர் மறுபடி வந்தார். வரைவை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தப் பள்ளத்து மூங்கில் இன்னும் இளசு தம்பி. ஐந்து வருடத்தில் எவ்வளவு வளரும் தெரியுமா?” என்றார்.

குழாய் பன்னிரண்டு மீட்டர் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பதினைந்து என்று திருத்தினேன்.